மூன்றாம் நாள் இலை

1

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் விடுப்பு வேண்டுமென்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. சென்ற மார்கழியில் அந்தக் கட்டத்தில் ‘சாப்பிடுவதற்கு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மேலாளர் ஈவா என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு, மருத்துவச் சிகிச்சை ஏதேனுமா என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை, இந்தியாவில் என் அண்ணன் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு என்றேன். ஒரு வேளைக்கு நான்கு வாரமா என்றார். முதல் இரண்டு நாள் சாப்பிட மாட்டேன் என்றேன். ஈவா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என் சொல்லை அடித்துவிட்டு ‘குடும்பக் காரணம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். சுவீடன் நாட்டு அலுவலகங்களில் இரக்கம் இந்த வடிவத்தில்தான் கிடைக்கும்.

நன்னிலத்திலிருந்து இங்கே வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஈவாவிடம் சொல்லாததை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கென்றால் பாதி சொன்னால் போதும்.

2

முதலில் என் வேலை. வலசை போகும் பறவைகளின் இரத்தத்தைப் பரிசோதிப்பது என் வேலை. எங்கள் கூடத்தில் நீண்டதொரு காற்றுக்குழாய் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து காற்று வீசும். பறவை அதை எதிர்த்துப் பறக்கும். இரண்டு வேகமும் சமமாக இருப்பதால் அது ஒரே இடத்தில் நிற்கும். பல மணி நேரம் பறந்தும் ஓரடி நகர்ந்திருக்காது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த காலத்தில் நான் அந்தப் பறவையை மிகுந்த கவனத்துடன் பார்த்ததுண்டு.

பறந்து முடிந்ததும் இறக்கையின் அடியில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்போம். கொழுப்பு எவ்வளவு ஓடுகிறது, புரதம் எவ்வளவு எரிந்திருக்கிறது என்று அது சொல்லும். நெடுந்தொலைவு ஓடும் மனிதர் பெரும்பாலும் சர்க்கரையை எரித்துத்தான் ஓடுகிறார். கொழுப்பை அவ்வளவு விரைவாக எரிக்க நம் உடம்புக்குத் தெரியாது. பறவைக்குத் தெரியும். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அது ஓயாமல் தின்னத் தொடங்கிவிடும். தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளாகத் திரளும். சில இனங்கள் தம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அதன்பின் செய்வதுதான் விசேஷம். நெடுந்தூரம் நிற்காமல் பறக்கவேண்டிய பறவை, கிளம்பும் முன் தன் இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்ளும். வழியில் சாப்பாடு கிடையாது. அந்த உறுப்புகள் வெறும் சுமை. நெஞ்சுத் தசையும் இதயமும் மட்டும் பெருக்கும். பறக்கத் தொடங்கியபின் கொழுப்பு எரியும்; கூடவே தசையும் குடலும் கல்லீரலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அப்படிக் கரைகையில் கிடைக்கும் நீர்தான் வழியில் அதற்குக் குடிதண்ணீர்.

எனவே கண்டம் தாண்டி வந்திறங்கும் பறவைக்கு முன்னால் புழுவும் பூச்சியும் நெளிந்தாலும் அதனால் உடனே வயிறு நிறையத் தின்ன முடியாது. குடல் திரும்ப வளரவேண்டும். அதற்கு ஓரிரு நாள், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும்.

இங்கே நாங்கள் அடையாளத்துக்காகக் காலில் வளையமிடும் பறவைகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. நம் வயலுக்கு வருபவை சைபீரியப் பக்கத்தவை. இதை அண்ணனிடம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஒவ்வோர் ஐப்பசியிலும் தொலைபேசியில் “என்னம்மா, ஒங்க ஊரு குருவியெல்லாம் வந்து எறங்கிருச்சே, நீ எப்ப வர்ற?” என்றுதான் கேட்பார். மலரின் கல்யாணம் வரை கேட்டார்.

3

மலர் அண்ணனின் ஒரே மகள். அவளுக்கு நான் அத்தை. நம் பக்கத்துக் கல்யாணத்தில் அத்தையின் இடம் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மாப்பிள்ளை வீடு பட்டுக்கோட்டை, தென்னந்தோப்புக்காரர்கள்.

வரும் வழியில் ஒரு விமானம் தவறி, மறு விமானம் தாமதித்து, சென்னையிலிருந்து இரவெல்லாம் காரில் உட்கார்ந்து, தாலி கட்டுவதற்கு அரைமணி முன்பு மண்டபத்தில் இறங்கினேன். அண்ணி என் தலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சீப்பைக் கொடுத்தார். முகூர்த்தம் முடிந்தவுடன் முதல் பந்தியில் சம்பந்தியம்மாளுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

அது நான் ஆண்டுக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்த சாப்பாடு. வாழைக்காய் வறுவல், சேனை மசியல், பூசணிக்காய்க் கூட்டு, வற்றல்குழம்பு எல்லாம் சொல்லிவைத்தாற்போல இலையில் அதனதன் இடத்தில் இருந்தன. நான் ஒரு பருக்கையும் உண்ணவில்லை. கை இலைக்குப் போனது, வாய்க்கு வரவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தியின் கோடியில் அப்பாதான் நிற்பார், தோளில் துண்டோடு, “இங்க ரசம் வரல பாரு” என்று அதட்டிக்கொண்டு. அந்த இடத்தில் குடிதண்ணீர் பாட்டில் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். எல்லோருக்கும் கைக்கெட்டும் தூரம்.

பரிமாறுபவர்கள் பாயசத்தோடு வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். பக்கத்தில் எல்லோரும் இலையை மடிக்கத் தொடங்கினார்கள். நானும் மடித்தேன்.

வெளிப்பக்கமாக மடித்தேன்.

கல்யாண வீட்டில் இலையை நம் பக்கமாக மடிப்போம். உறவு நீடிக்கவேண்டும் என்பதற்காக. துக்க வீட்டில் எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்போம். இப்படியொரு சாப்பாடு இனி வேண்டாம் என்பதற்காக. இதற்கு முன் நான் ஊரில் கடைசியாக மடித்த இலை, அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில். நடுவில் இரண்டு ஆண்டுகள் பீங்கான் தட்டில் சாப்பிட்டிருந்தேன். தட்டை மடிக்க வேண்டியதில்லை. கை, தான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிட்டது.

சம்பந்தியம்மாள் என் இலையைப் பார்த்தார். முழுச் சோறு, தொடாத பதினெட்டு வகை, அதன்மேல் வெளிப்பக்கமாக மடித்த இலை. எழுந்து கை கழுவப் போனார். அடுத்த கால்மணி நேரத்தில் அண்ணன் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

“பொண்ணோட அத்தையே இந்த ஒறவு ஆகாதுன்னு மடிச்சு வெச்சுட்டாங்க. அப்பறம் நாங்க என்னத்தச் சொல்றது?” என்று சம்பந்தியம்மாள் சொன்னதாக அண்ணி பிறகு சொன்னார். “வெளிநாட்டுத் திமிரு” என்றும் சொன்னாராம்.

மாலையில் அண்ணன் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. “எறங்கலன்னா எந்திரிச்சுப் போயிருக்கலாம். மயக்கமா வருதுன்னு சொல்லியிருக்கலாம். எத்தன பேரு முன்னாடி...” என்று நிறுத்தினார். “நம்ம வீட்டுல ஒனக்கு இனிமே எல போடுறதா வேணாமான்னு நீயே சொல்லிட்டுப் போ.”

சொல்வதற்கிருந்த ஒரே விடை அப்பாவைப் பற்றியது. அதை ஒரு மங்கல நாளில் சொல்லக்கூடாது என்ற முறைமை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அதன்பின் மூன்று ஆண்டுகள் அண்ணன் என்னோடு பேசவில்லை. பூக்கூடைப் படம் போட்ட காலை வணக்கத்தை உறவினர் எல்லோருக்கும் அனுப்புகிறவர், எனக்கு அனுப்புவதை நிறுத்தினார். எங்கள் குடும்பத்தில் இதைவிடக் கடுமையான நடவடிக்கை கிடையாது.

4

என் மகள் கயலுக்கு இந்தச் சண்டை புரியவேயில்லை. அவள் இங்கேயே பிறந்தவள். இப்போது பதினைந்து வயது.

அவள் ஏழு வயதில் பள்ளித்தோழி வீட்டுக்கு விளையாடப் போனாள். மாலை ஐந்து மணிக்கு அந்தக் குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது. கயலை மாடியறையில் விளையாடிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடித்து, தோழியை மறுபடி மேலே அனுப்பினார்கள். அடுத்தவர் பிள்ளையின் பசியை அதன் பெற்றோருக்குத் தெரியாமல் தீர்ப்பது இங்கே சிலருக்கு மரியாதைக் குறைவு. கயல் இதை வீட்டுக்கு வந்து சாதாரணமாகச் சொன்னாள். நான் அடுக்களைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றேன். பிறகு அவளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். மூன்று தின்றாள். “ஏம்மா அழற? எனக்கு அங்க பசிக்கவே இல்ல” என்றாள்.

இலை விஷயத்தை அவளிடம் சொன்னபோது, “நீ சாப்பிடல. அது ஒன் இஷ்டம். மாமாவுக்கு என்ன?” என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. இரண்டு மொழியிலும் யோசித்துப் பார்த்தேன். ஒரு மொழியில் விடையே தேவைப்படவில்லை. இன்னொன்றில் கேள்வியே எழவில்லை.

5

சென்ற கார்த்திகையில் ஒரு நாள், நான் ஆய்வுக்கூடத்தில் மதிய ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஊரில் மாலை. கைபேசியில் அண்ணனின் பெயர் வந்தது, காணொளி அழைப்பு. மூன்று ஆண்டுக்குப் பின் வரும் அழைப்பு சாவாகத்தான் இருக்கும் என்று எண்ணி எழுந்து நின்றுகொண்டு எடுத்தேன்.

திரையில் அண்ணன் முகம் இல்லை. கோழி அடைக்கும் பஞ்சாரத்தின் மூங்கில் கண்கள் தெரிந்தன. உள்ளே ஏதோ பழுப்பாக இருந்தது.

“ஒங்க ஊரு குருவி ஒண்ணு விழுந்து கெடக்கு” என்றது அண்ணனின் குரல். நலமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. “நாலு நாளு மழ. இன்னிக்கித்தான் விட்டுது. சம்பாவுக்குத் தண்ணி வடிய விடப் போனேன், வரப்புல ஒக்காந்திருக்கு. கிட்டப் போனாலும் பறக்கல. ஆளுங்க வறுத்துடலாம்னு சொன்னானுங்க. நான்தான் வேணாம்னு தூக்கியாந்தேன்.”

நீண்ட காலும் நீண்ட அலகும் கொண்ட எல்லாவற்றுக்கும் நம் பக்கத்தில் உள்ளான் என்றே பெயர். அந்த இனத்தை நானே சிறுவயதில் முதன்முதலாகச் சந்தித்தது மிளகு போட்டு வறுத்த நிலையில்தான். ஆகவே அண்ணன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

“கால்ல வளையம் இருக்கா அண்ணே?”

“ஒண்ணும் இல்ல.”

இருந்திருந்தால் இது வேறொரு கட்டுரையாகியிருக்கும்.

அண்ணி திரைக்குள் வந்தார். “வசந்தா, பாருங்க இந்தக் கூத்த. தயிரு போட்டுக் கொழையப் பெசஞ்சு வெச்சேன். மொகத்தத் திருப்பிக்கிச்சு. பொரிகடலய நுணுக்கி வெச்சேன். அதுவும் வேணாம். ஒரு உள்ளானுக்கு எம்புட்டுத் திமிரு!”

“அண்ணி, அது திமிரு இல்ல. அதால முடியாது. தயவுசெஞ்சு சோத்த எடுத்துடுங்க. வாயில எதுவும் திணிச்சிடாதீங்க.”

“வந்த சீவனுக்கு ஒண்ணும் போடாம எப்புடிங்க?”

மேலே எழுதிய எல்லாவற்றையும் அண்ணிக்குச் சொன்னேன். அறிவியலைப் பேச்சுத்தமிழில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நடுநடுவே சொல் தேடவேண்டியிருந்தது. கிளம்பும் முன் வயிற்றைச் சுருக்கிக்கொள்ளும் என்றேன். வழியெல்லாம் கொழுப்பு எரியும், பற்றாததற்குத் தன் தசையையும் குடலையுமே எரித்துக்கொண்டு வரும் என்றேன்.

“தன் கொடலையேவா?” என்றார் அண்ணி.

“ஆமா அண்ணி.”

“அப்ப எறங்குன ஒடன சோறு முன்னாடி வெச்சா?”

“பாக்கும். பசிகூட இருக்கும். வாங்கிக்கத்தான் உள்ள எடம் இருக்காது. ரெண்டு மூணு நாள்ல திரும்ப வளந்துரும். அதுவரைக்கும் தண்ணி மட்டும் வைங்க. கொஞ்சம் தேறுனதும் வடிகால் ஓரம் சேத்துல விட்டுருங்க. என்ன வேணுமோ அதுவே பாத்துக்கும்.”

பஞ்சாரத்தின் மூங்கில் கண்கள் திரையில் இன்னும் நெருங்கி வந்தன. கைபேசி அண்ணன் கையில்தான் இருந்தது.

“இத நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“எத அண்ணே?”

“குருவியப் பத்தித்தான்” என்றார் அண்ணன். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஒரு செய்தியை இங்கே பதிவு செய்யவேண்டும். விமானத்தில் ஏறி உட்கார்ந்து, இரு முறை சாப்பாடும் ஒரு முறை ஐஸ்கிரீமும் வாங்கித் தின்று வரும் மனுஷியின் குடல் சுருங்குவதில்லை. அது எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நான் அதைச் சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் நான் மறைத்த ஒரே முடிவு அது.

மூன்றாம் நாள் அண்ணனிடமிருந்து ஒரு காணொளி வந்தது. வடிகால் ஓரத்துச் சேற்றில் அந்த உள்ளான் அலகைக் குத்திக் குத்தி எதையோ எடுத்துக்கொண்டிருந்தது. பின்னணியில் அண்ணியின் குரல்: “நம்ம வீட்டுச் சோறு எறங்கல. சேறு எறங்குது.” பதினோரு வினாடி. நாற்பது முறைக்குமேல் பார்த்திருப்பேன்.

நான்காம் நாள் காலை பூக்கூடைப் படம் வந்தது. அதன்கீழ், தட்டச்சில் பழக்கமில்லாத விரலால் ஒரு வரி: ‘தையில் வா. ரெண்டு நாள் யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டோம்.’

6

சொன்னபடி செய்தார்கள். அண்ணிக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்பதை அருகிலிருந்து பார்த்தேன். நானும் கயலும் வாசலில் இறங்கியதும் “வாங்க” என்றவர் அதற்கடுத்த சொல்லை உதட்டோடு பிடித்து விழுங்கினார். ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் வைத்தார். சாப்பாட்டு நேரங்களில் மேசையில் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, எங்களை ஏறிட்டுப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய்விடுவார். வேண்டும்போது நாங்களே போய் இரண்டு இட்லியோ ஒரு தம்ளர் மோரோ எடுத்துக்கொண்டோம். கயலுக்கு இது முற்றிலும் இயல்பாக இருந்தது. “அத்தை வீடு நம்ம ஊரு மாதிரியே இருக்கும்மா” என்றாள்.

தெருவுக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்வீட்டு அம்மாள் வேலியோரமாக வந்து, “நாத்தனாரு வந்து ரெண்டு நாளாவுது, ஒரு வாயி சாப்புடுங்கன்னு ஒங்க வாயில வரலியே? இன்னும் தீரலியா?” என்று அண்ணியைக் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

“அவங்களுக்குக் கொடலு வளருது” என்றார் அண்ணி.

முதல் நாள் மோரைக் குடித்து முடித்ததும் கயல் ஒரு தவறு செய்தாள். சுவீடனில் சாப்பிட்டெழும் ஒவ்வொரு பிள்ளையும் சொல்லவேண்டியதை, நல்ல தமிழில் மொழிபெயர்த்து, “மோருக்கு நன்றி அத்தை” என்றாள். அண்ணி முகம் வாடிவிட்டது. “நன்றி சொல்றாளே, யாரு வீட்டுலயோ குடிச்ச மாதிரி” என்று என்னிடம் தனியே சொன்னார். அங்கே சொல்லாவிட்டால்தான் குற்றம் என்றேன். அண்ணி யோசித்துவிட்டு, “அப்ப பாவம், சொல்லிட்டுப் போவட்டும்” என்றார்.

மூன்றாம் நாள் அண்ணன் காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பத்து மணிக்கு ஒரு கார் வந்தது. மலரும், அவள் கணவரும், இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளையும் இறங்கினார்கள். பின் கதவைத் திறந்துகொண்டு சம்பந்தியம்மாள் இறங்கினார். அண்ணன் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

“நல்லாருக்கீங்களா?” என்றார் சம்பந்தியம்மாள்.

“நல்லாருக்கேன். வாங்க” என்றேன். யார் வீட்டுக்கு யார் வாங்க சொல்வது என்ற ஐயம் வந்தது. ஆனால் அண்ணன் குறுக்கிடவில்லை.

கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். என் பக்கத்தில் கயல், எனக்கு நேர் எதிரே சம்பந்தியம்மாள். மலரும் அண்ணியும் பரிமாறினார்கள். அண்ணன் வழக்கம்போலக் கடைசியில்தான் சாப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் வந்து கயலுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார். வாழைக்காய் வறுவல், சேனை மசியல், பூசணிக்காய்க் கூட்டு, வற்றல்குழம்பு. அன்று போட்ட அதே வகைகள், அதே வரிசை.

சாப்பிட்டேன். ருசியைப் பற்றி எழுதினால் உங்களுக்கு அலுப்புத் தட்டும். நீங்கள் அதை நேற்றும் சாப்பிட்டிருப்பீர்கள். மூன்று முறை ரசம் வாங்கினேன். மூன்றாவது முறை, “இங்க ரசம் வரல பாரு” என்று அதட்டினார் அண்ணன். அவருக்கே தெரியாமல் அப்பாவின் குரல் வந்துவிட்டது. தெரிந்ததும் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். சாப்பிடும்போது குனிந்திருப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

எல்லோரும் முடித்தார்கள். யாரும் மடிக்கவில்லை. சம்பந்தியம்மாள் தன் இலையின்மேல் கையை வைத்தபடி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர் மோர்ச் செம்போடு நின்றாள். அண்ணி அடுக்களை வாசலில் நின்றார்.

அப்போது கயல் தன் இலையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்: “அம்மா, இத எந்தப் பக்கம் மடிக்கணும்?”

“ஒங்கம்மாவக் கேக்காத கண்ணு” என்றார் அண்ணன். “அவளுக்கே தெரியாது. இங்க மாமாவப் பாரு.”

சம்பந்தியம்மாள் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். அண்ணன் இலையின் மேல்விளிம்பை இரு கையாலும் பிடித்து, பள்ளிக்கூடத்தில் செய்து காட்டுகிறவர்போல மெதுவாக, தன் பக்கமாக மடித்தார்.

கயலும் நானும் பார்த்துச் செய்தோம்.